ஹாலோவீனுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம், நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 3. ஒக்டோபர் 31 மாலை, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் ஹாலோவீனுக்கு, இந்த முறை மகனையும் கூட்டிப்போக ஆசை.

மகளுக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை. வாசலில் நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்த வீடுகளில் சாப்பிடாத சாமான்களும், ஸ்டிக்கர், பென்சில் மாதிரி, கிடைக்கும். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டையும் காணவில்லை. உங்கள் பக்கம் இருக்கிறதா? மற்ற வீடுகளில் வாங்கும் இனிப்பை அவள் அழாமல் எப்படி மாற்றி எடுப்பது?

மகன் முகமூடியைக் கண்டாலே என் காலைக் கட்டிக்கொள்வான். எலும்புக்கூடு தொங்காத, இருட்டுமுன் முடிகிற கொண்டாட்டம் எங்கேயாவது உண்டா?

அப்புறம், குளிர் ஜக்கெட்டுக்கு மேலே போடக்கூடிய உடுப்பு எங்கே வாங்கலாம்? போன வருடம் மகளின் வண்ணத்துப்பூச்சிச் சிறகு ஜக்கெட்டுக்குள் நசுங்கியே போனது, பாவம்.