புதுக் கடல்நீர்த் தொட்டி, மீன்கள் அதிகம், இப்போது வெள்ளைப் புள்ளி: காப்பர் ஊற்றலாமா?

புதுஉப்பு

வணக்கம். மூன்றடித் தொட்டி (90 × 45 × 45 செ.மீ.). கல், மணல் போக சுமார் 150 லிட்டர் தண்ணீர். தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. க்ளவுன் 2, டேம்சல் 4, ப்ளூ டாங் 1, பவுடர் ப்ளூ டாங் 1, பட்டர்ஃப்ளை 1, க்ளீனர் ராஸ் 1 இருக்கின்றன. கூடவே க்ளீனர் இறால் இரண்டு, நத்தைகள், ஹெர்மிட் நண்டுகள்.

அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.5, நைட்ரேட் 20 (மூன்றும் பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு மி.கி.). உப்பு அடர்த்தி 1.025. சென்னை வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறைவதில்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கிடையாது.

பவுடர் ப்ளூ மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன, கல்லில் உரசிக்கொண்டே இருந்தது. இரண்டு நாளில் புள்ளிகள் பாதிக்கு மேல் மறைந்துவிட்டன. கடையில், "குணமாகிறது, மீதியை ராஸ் தின்றுவிடும், அவசரமென்றால் காப்பர் (செம்பு) மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றுங்கள்" என்கிறார்கள். ஊற்றலாமா? யுவி விளக்கு, பூண்டு, வெப்பத்தை ஏற்றுவது இதெல்லாம் உதவுமா?

பவளத்திட்டு

ஊற்றாதீர்கள். இறால், நத்தை, நண்டு எல்லாம் முதலில் செத்துவிடும். கல்லும் மணலும் சுண்ணாம்பு என்பதால் காப்பரை இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு நிற்காது. ஒட்டுண்ணி தப்பிக்கும், தொட்டியும் கெடும்.

புள்ளி மறைந்ததைக் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி கடல் இக் (கிரிப்டோகாரியான்). அது மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் தின்று வளரும், பிறகு தானாகவே உதிரும். உதிர்ந்தது கல்லிலோ மணலிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பல மடங்காகப் பெருகி, சில நாளிலோ சில வாரத்திலோ நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும். அடுத்த சுற்றில் பத்துப் புள்ளி இருந்த இடத்தில் நூறு இருக்கும். மீன்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரு குஞ்சுகூட வீணாகாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன் அகப்படும். கடலில் இந்த நோய் கொள்ளையாக மாறாததற்கும் சிறு தொட்டியில் மாறுவதற்கும் காரணம் இதுதான்.

க்ளீனர் ராஸ் மீனின் மேற்பரப்பில் இருப்பதைத்தான் கொத்தும். இக் தோலுக்கு அடியில் இருப்பதால் அதற்கு எட்டாது. பூண்டு வேலை செய்யாது. யுவி தன் குழாய் வழியாகப் போகும் குஞ்சுகளை மட்டும் கொல்லும். வெப்பத்தை ஏற்றுவது நன்னீர் மீனுக்கான வழி. இங்கே செய்தால் ஆக்சிஜன் குறைந்து மீன்தான் திணறும்.

ஒட்டுண்ணியைவிட வேகமாகக் கொல்லக்கூடியது உங்கள் அம்மோனியா. பி.எச். 8.2-இல் அதன் நச்சு வடிவத்தின் பங்கு, பி.எச். 7-இல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதனால் நன்னீர்த் தொட்டியில் தாங்கக்கூடிய 0.5 இங்கே செவுளை எரிக்கும். அந்தச் செவுளில்தான் இக் உட்காருகிறது. ஆறு வாரத் தொட்டியின் பாக்டீரியா பத்து மீனின் கழிவைச் சமாளிக்காது. இன்றைக்கே 50 லிட்டர் மாற்றுங்கள். உப்பும் வெப்பமும் பழைய தண்ணீரோடு ஒத்திருக்கட்டும். ஏர் பம்ப் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். ஒரு சிறு மின்விசிறியைத் தண்ணீரின் மேல் வீசவிட்டால் 2 டிகிரி வரை குறையும். ஆனால் ஆவியாவது அதிகமாகும், அந்தக் குறையை ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். உப்புநீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

பிறகு இது இக்தானா என்று உறுதிசெய்யுங்கள். புள்ளிகள் தனித்தனியாக, எண்ணக்கூடியதாக, உப்புக்கல் அளவில் இருந்தால் இக். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கையில் மெல்லிய தூள் படிந்ததுபோல் தெரிந்தால், மீன் வெளிச்சத்துக்கு ஒதுங்கி, பம்ப் ஓட்டத்தின் எதிரே நின்று வேகமாக மூச்சு வாங்கினால், அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். வெல்வெட்டில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். பல நேரம் தூள் கண்ணுக்குத் தெரியும் முன்பே மீன் போய்விடும். அதனால் புள்ளியை எண்ணுவதோடு மூச்சையும் எண்ணுங்கள். க்ளவுன் மட்டும் வெள்ளைச் சளியாக உரிந்தால் அது ப்ரூக்லினெல்லா என்ற மூன்றாவது ஒட்டுண்ணி. அதற்குக் காப்பர் பயன்படாது, ஃபார்மலின்தான்.

ஆழ்கடல்_கோவை

மேலே சொன்னது அத்தனையும் சரி. செய்முறைக்கு வருகிறேன் தம்பி.

பத்து மீனும் வெளியே வர வேண்டும். புள்ளி உள்ளதை மட்டும் எடுத்தால் மற்றவை நோயைத் தாங்கிக்கொண்டே இருக்கும். 80 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு வாங்குங்கள். ஒன்றில் டாங் இரண்டும் பட்டர்ஃப்ளையும், மற்றதில் மீதி மீன்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள பி.வி.சி. எல்போ துண்டுகள் போதும். மணல், கல், கரி எதுவும் கூடாது. டாங் இரண்டும் அடித்துக்கொள்ளும், நடுவே துளையுள்ள பிளாஸ்டிக் தடுப்பு வையுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

காப்பரில் உயிர்போகும் தவறு ஒன்று உண்டு. செலேட் செய்த காப்பருக்கு (வேறொரு சேர்மத்தோடு பிணைத்து, தண்ணீரில் படியாமல் நிற்கும்படி செய்தது) இலக்கு 2.0 முதல் 2.5 பி.பி.எம். வெறும் காப்பர் சல்ஃபேட்டுக்கு 0.15 முதல் 0.20. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் பத்து மடங்கு. ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். பாட்டில் எந்த வகை என்று லேபிளில் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். டெஸ்ட் கிட்டும் அந்த வகையை அளப்பதாக இருக்க வேண்டும்.

செலேட் வகை கிடைத்தால் அதுவே நல்லது, அளவு நிலையாக நிற்கும். கிடைக்காதவர்கள் மயில்துத்தத்தில் (அதுதான் காப்பர் சல்ஃபேட்) செய்யலாம், ஆனால் உரக்கடையில் விற்பது வேண்டாம், ஆய்வகத் தரம் வேண்டும். 3.93 கிராமை 0.01 கிராம் தராசில் நிறுத்து 1 லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்தால், ஒரு மி.லி.யில் 1 மி.கி. காப்பர் இருக்கும். 80 லிட்டருக்கு 5 மி.லி. வீதம், 12 மணி நேர இடைவெளியில் மூன்று தடவை: 0.19 பி.பி.எம். வரும். கடல்நீரின் காரத்தில் இது படிந்து குறையும், ஆகவே காலை மாலை அளக்காமல் விடாதீர்கள். அளக்க முடியாதவர்கள் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

செலேட்டோ சல்ஃபேட்டோ, இலக்கை எட்டிய நாளிலிருந்து 30 நாள். இடையில் அளவு இறங்கினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. காப்பர் கொல்வது நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. மீன்மேல் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. இறங்கிய அந்த ஒரு நாளில் வெளிவந்தவை திரும்ப மீனில் ஏறிவிடும். ராஸும் பட்டர்ஃப்ளையும் காப்பரைச் சகிக்காதவை. செலேட் என்றால் மூன்று நான்கு நாளாகப் பிரித்து ஏற்றுங்கள். சாப்பிடுவதை நிறுத்தினால் மேற்கொண்டு ஏற்றாமல் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

தொண்டிக்கடல்

டெஸ்ட் கிட் கைவசம் இல்லையென்றால், இக் என்பதும் உறுதியென்றால், இடமாற்று முறை இன்னும் பாதுகாப்பு. மருந்தே தேவையில்லை.

ஒரே மாதிரி இரண்டு தொட்டிகள். முதல் நாள் மீன்களை ஒன்றில் விடுங்கள். 72 மணி நேரம் முடிவதற்குள், புதுத் தண்ணீர் நிரப்பிய மற்றதற்கு மாற்றுங்கள். இப்படி 1, 4, 7, 10-ஆம் நாள். 13-ஆம் நாள் சுத்தமான தனித்தொட்டிக்கு. உதிர்ந்த ஒட்டுண்ணி கூடு கட்டிக் குஞ்சு விட மூன்று நாளாவது ஆகும், அதற்குள் மீன் அங்கே இருக்காது. காலியான தொட்டி, ஏர் குழாய், வலை எல்லாவற்றையும் ப்ளீச்சில் கழுவி வெயிலில் துளி ஈரமில்லாமல் காயவிட வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் முறையே பாழ்.

50 லிட்டர் வீதம் நான்கு தடவைக்கு 200 லிட்டர். லிட்டருக்கு 36 கிராம் உப்பு என்றால் ஏழு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் என்பதால் அம்மோனியா சேரவும் நேரமில்லை. மீன் அதிகமாக உள்ள உங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வெல்வெட்டுக்கு இது உதவாது. மூச்சு வேகமாக இருந்தால் ஆழ்கடல் சொன்ன காப்பர்தான். உப்பை 1.009-க்கு இறக்கும் முறையும் வெல்வெட்டில் பலிக்காது. இக்கிலும் உப்பைத் துல்லியமாக அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது; ஊசி ஹைட்ரோமீட்டர் காட்டும் பிழையே போதும் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ள.

புதுஉப்பு

மிக்க நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன், தூள் இல்லை, புள்ளிகள் தனித்தனிதான். ஆனால் ப்ளூ டாங்கின் மூச்சு மற்றவற்றைவிட வேகம். காப்பர் தொட்டியில் அம்மோனியா ஏறினால் நச்சற்றதாக்கும் மருந்து, அதாவது அம்மோனியாவைக் கட்டும் நீர்ப்பதப்படுத்தி போடலாமா? பெரிய தொட்டி எத்தனை நாள் காலியாக இருக்க வேண்டும்?

ஆழ்கடல்_கோவை

போடாதீர்கள். அந்த மருந்துகள் பலவும் காப்பரின் வடிவத்தையே மாற்றி, மீனுக்கு இன்னும் நச்சாக்கும். தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். மாற்றும் தண்ணீரிலும் முன்கூட்டியே அதே அளவு காப்பர் கலந்திருக்கட்டும், இல்லையென்றால் அளவு இறங்கிவிடும். கழிவைச் சிதைக்கும் புட்டி பாக்டீரியா ஊற்றலாம். தீனியை ஒருநாளைக்கு இரண்டு சிட்டிகையாகக் குறைத்து, மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுங்கள். மூச்சு வேகமாக உள்ளதால் டாங்குகளுக்குக் காப்பர், மற்றவற்றுக்கு இடமாற்று என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தாதீர்கள். மற்ற தொட்டியில் ஏதாவதொன்று மூச்சு வாங்கத் தொடங்கினால் காத்திருக்காமல் அதற்கும் காப்பர்.

பவளத்திட்டு

பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் 45 போதும் என்பவர்கள் உண்டு, ஆனால் கூடுகளில் ஒன்றிரண்டு 72 நாள்வரை தாமதித்துக் குஞ்சு விட்டது பதிவாகியிருக்கிறது. ஒரு மாதம் மிச்சம் பிடிக்கப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை. இறாலும் நண்டும் அங்கேயே இருக்கலாம். அவற்றுக்குச் சிறிது தீனி போட்டுவந்தால் பாக்டீரியாவும் உயிரோடிருக்கும். இந்த 76 நாளில் புது இறால், நத்தை, கல் எதையும் சேர்க்க வேண்டாம். ஓட்டின்மேல் ஒரு கூடு ஒட்டிவந்தாலும் எண்ணிக்கை திரும்பவும் முதலிலிருந்துதான். தனித்தொட்டிகளைச் சில மீட்டர் தள்ளி வையுங்கள், வெல்வெட் ஏர் பம்ப் தெறிக்கும் துளியிலேயே பரவும்.

இன்னொன்று. நோய் தீர்ந்த பிறகு பத்து மீனும் திரும்பிப் போகக் கூடாது. ப்ளூ டாங் 30 செ.மீ. வரை வளரும், பவுடர் ப்ளூ 20-ஐத் தாண்டும். மூன்றடியில் இரண்டும் நிம்மதியாக வாழாது. சிகிச்சை முடித்து, ஆறடித் தொட்டி உள்ள ஒருவரிடம் கொடுங்கள். நோயோடு கடைக்குத் திருப்பினால் அங்குள்ள பொதுத் தண்ணீரில் எல்லா மீனுக்கும் போகும். ராஸ் தொட்டியில் பட்டினிதான் கிடக்கும், பட்டர்ஃப்ளையும் பெரும்பாலும் அப்படியே. க்ளவுன் ஜோடியை முதலில் விடுங்கள். மூன்று வாரம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக நின்றால் சாதுவான டேம்சல் ஒன்று. மற்ற மூன்றுக்கும் வேறு இடம் பாருங்கள். நான்கு டேம்சல் க்ளவுன்களைத் துரத்தியே தளரவைக்கும்.