தொய்சான் போபோவும் ஒன்பது பூச்சியங்களும்

தாதி_ஸ்காபரோ

மூன்று மாதமாக மண்டைக்குள் இதே ஓடுகிறது, எழுதிவிடுகிறேன். 88 வயதுப் போபோ, சீனப் பாட்டியம்மா. மகன் கல்கரியில், இவர் இங்கே தனியாக. காலில் ஆறாத புண், கட்டு மாற்றக் கிழமைக்கு இரண்டு தரம் போவேன். சுவரில் மாமனாரின் தலைவரிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார், கனடாவுக்குள் வரச் சீனர்கள் கட்டின வரி, அந்தக் காலத்து 500 டொலர்.

அன்று மனச்சோர்வுப் படிவமும் நிரப்பிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் என்று. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தேன். கோப்பில் 'சைனீஸ்' என்று மட்டும் இருந்ததால் வந்தவர் மாண்டரின் பேசினார். போபோ பேசுவது தொய்சான், தென்சீனத்து ஊர்ப்பேச்சு. கான்டனீஸ்காரருக்கே அது முழுசாக விளங்காது. ஒவ்வொரு கேள்விக்கும் போனைப் பார்த்து "ஹோ, ஹோ" என்றார். நல்லது, நல்லது. ஒன்பது பூச்சியம் போட்டேன்.

கோட்டை மாட்டும்போது ஒரு தோடம்பழத்தை என் பொக்கெற்றில் திணித்தார். பிறகு தன் நெஞ்சில் முஷ்டியால் மூன்று தரம் தட்டினார். மெதுவாக, பூட்டின கதவைத் தட்டுகிற மாதிரி. நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எதற்குச் சிரித்தேன்?

மருந்துக்கடை_முருகேசன்

மொழி சரியாக இருந்தாலும் கதை முடியாது அக்கா. நான் நியூயார்க் ஃப்ளஷிங்கில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறேன். இந்த மாநிலத்தில் பெரிய சங்கிலிக் கடைகள் சீன மொழியிலும் லேபிள் ஒட்டித் தர வேண்டும் என்று 2013 முதல் விதி இருக்கிறது. நல்ல விதிதான். எழுபது தாண்டிய ஒருவர் தூக்க மாத்திரை என்று நினைத்து செர்ட்ராலின் வாங்க வந்தார். டாக்டர் சீட்டில் 'மனச்சோர்வுக்கு' என்று எழுதியிருந்ததால் லேபிளிலும் அது அச்சுப் பிசகாமல் சீனத்தில் வந்துவிட்டது. படித்தார். பையை அப்படியே கவுண்டருக்கு மேல் என் பக்கம் தள்ளினார். கோபமெல்லாம் இல்லை, அடுத்தவர் பையைத் தவறி எடுத்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

எங்கள் கடையில் சீனம் தெரிந்த பெண்ணிடம் அவர் சொன்னது: எனக்கு அது இல்லை, எனக்கு ஷென்ஜிங் ஷுவாய்ருவோ. என்னவென்று கேட்டேன். நரம்பு பலவீனம் என்றாள். அட, நம் ஊர் நரம்புத் தளர்ச்சி! ஊரில் சித்தப்பாவுக்கு இருந்ததும் அதுதானே, வேறு பெயரை வீட்டில் யார் சொன்னார்கள்? 1980களின் தொடக்கத்தில் ஆர்தர் கிளைன்மன் என்ற மருத்துவர் ஹுனானில் இந்தப் பெயரோடு வந்த நூறு பேரைப் பார்த்தார், பெரும்பாலானோருக்கு இருந்தது மனச்சோர்வு. அதைப் படித்திருந்தும் என்ன, அந்தப் பையைத் திரும்ப அவர் கையில் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அப்புறம் அவர் வரவில்லை.

சான்ஹோசே_ரவி

எங்கள் அபார்ட்மென்டிலும் ஒரு சீனத் தாத்தா இருந்தார். லிப்டில் தினமும் கும்பிடுவார், ஒருநாள் கும்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அது இருக்கட்டும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது நண்பர்களே, தேடத்தான் வேண்டும். முதலில், எந்தச் சீனம் என்று கேட்டுக் கோப்பில் எழுதுங்கள்: கான்டனீஸா, தொய்சானா, ஃபூச்சோவா. இரண்டாவது, பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். பாட்டி பேரன் வாயால் "எனக்குச் சாகத் தோன்றுகிறது" என்று சொல்ல வைப்பாளா? அமெரிக்காவில் அவசரம் தவிர சிறுவர்களை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே உண்டு. தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு. காலையில் பூங்காவில் தாய்ச்சி ஆடுகிற கூட்டத்தில் சேர்த்து விடுங்கள். டொராண்டோவில் ஹாங் ஃபுக் மனநலச் சங்கம் 1982 முதல் இருக்கிறது, கான்டனீஸ், மாண்டரின் இரண்டிலும் பேசுவார்கள். யீ ஹாங் முதியோர் மையம் உங்கள் ஸ்காபரோவிலேயே. சான்பிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஆன் லோக் 1970களின் தொடக்கத்திலிருந்து பெரியவர்களுக்குச் சாப்பாடு, மருத்துவம், பேச்சுத்துணை எல்லாம் ஒரே கூரையில் தருகிறது. அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க அந்தத் திட்டமே வந்தது. இரவில் ஆபத்து என்றால் 988, தற்கொலைத் தடுப்பு எண். போன் எடுக்க ஐந்து நிமிடம், அவ்வளவுதான். வாக்கிங்கும் முக்கியம்.

மருந்துக்கடை_முருகேசன்

ரவி சார், "பாதிப் பேருக்கு தைராய்டு" எந்த ஊர்க் கணக்கு?

மார்க்கம்_மருமகள்

988 கனடாவிலும் 2023 நவம்பர் 30 முதல் இருக்கிறது அண்ணா. ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டே மொழிதான். போபோ எந்தப் பொத்தானை அழுத்துவார்?

எங்கள் தெருப் பூங்காவில் சீனாவின் செங்டுவிலிருந்து வந்த ஒரு பாட்டி. என் அம்மாவும் அவரும் சூப்பர் விசாவில், அதாவது பெற்றோர் பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்க வருகிற விசாவில் வந்தவர்கள், இருவரும் பேரப்பிள்ளை வண்டி தள்ளுகிறவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். போன செப்டம்பரில் நான் போனபோது அந்தப் பாட்டி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார், அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து "என்ன ஆச்சு" என்று காட்டினேன். அவர் படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் மகனின் கார் வந்து நின்றது. ஒரே கணம்தான்: மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பிள்ளையைத் தூக்கி, சிரித்தாயிற்று. மகனிடம் மெல்லச் சொன்னேன். "அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், ஒன்றுமில்லை" என்றார். கெட்டவர் இல்லை. என் கணவரும் என் அம்மாவைப் பற்றி யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வார்.

ரவி அண்ணா, சூப்பர் விசாவுக்கு மாகாணக் காப்பீட்டு அட்டை கிடையாது. குறைந்தது ஒரு லட்சம் டாலருக்குத் தனியார் காப்பீடு கட்டாயம். அது அவசர வைத்தியத்துக்கானது. அம்மாவுக்கு எடுத்ததை வரி வரியாகப் படித்தேன், மனநல ஆலோசனைக்கு ஒரு டாலர் இல்லை. அழுகை அவசரத்தில் சேராது போல.

சான்ஹோசே_ரவி

நான் பொதுவாகச் சொன்னேன் சகோதரி. தாய்ச்சிக்குக் காப்பீடு தேவையில்லை.

அல்ஹாம்ப்ரா_பாலா

2023 சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு மான்டரே பார்க் நடனக் கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அநேகம் பேர் ஆடப் போன பெரியவர்கள், சுட்டவனுக்கும் 72. பக்கத்து ஊர்தான் நாங்கள். சில வாரம் கழித்து ஒரு முகாமில் மேசை போட நானும் உதவினேன். 'மனநல ஆலோசனை' என்று சீனத்தில் எழுதி, கான்டனீஸ், மாண்டரின் இரண்டும் பேசுகிற பெண்ணை உட்கார வைத்தோம். மதியம் வரை ஒருவர் வரவில்லை. பக்கத்தில் பிரஷர் பார்க்கிற மேசையில் வாசல் வரை வரிசை. கடைசியில் அந்தப் பெண் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பிரஷர் மேசையில் உட்கார்ந்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றும்போது "இரவில் தூக்கம் எப்படி?" என்று கேட்டாள், வேறொன்றும் இல்லை. ஒரு பாட்டி பட்டையைக் கழற்றிய பிறகும் கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. இருபது நிமிடம் பேசினார். வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

தாதி_ஸ்காபரோ

பாலா, கட்டு மாற்றும்போது அவருடைய கால் அரை மணித்தியாலம் என் மடியில்தான் இருக்கும். எனக்கு அது தோன்றவில்லை.

ரவி அண்ணா, தொய்சான் என்று கோப்பில் சேர்க்கக் கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு பெட்டி இல்லையாம், குறிப்பில் எழுதலாமாம். எழுதினேன். ஆனால் அதற்குள் புண் ஆறிவிட்டது, கோப்பை மூடிவிட்டார்கள். நல்லாகத்தான் ஆற்றினேன். இப்போது அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மார்க்கம்_மருமகள்

தோடம்பழம் வாங்கிக்கொண்டு போங்கள் அக்கா.