பூங்காவில் இருக்கும் பூநாரைகள் வெளுத்துப்போவது ஏன்?

நெய்தல்குமார்:
சில உயிரியல் பூங்காக்களில் பூநாரை நல்ல சிவப்பாக இருக்கிறது, சில இடங்களில் கிட்டத்தட்ட வெள்ளை. நோயா, வயதா, இல்லை தீனியில் சாயம் கலக்கிறார்களா? தீனியை மாற்றினால் எத்தனை நாளில் நிறம் திரும்பும்?

இறகுப்பை:
முதலில் இனத்தைப் பாருங்கள். கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் பெரும் பூநாரை இயல்பிலேயே வெளிர்தான். சிறகை விரித்தால்தான் ரோஸ் நிறம் பளிச்சென்று தெரியும். நல்ல சிவப்பு கரீபியப் பூநாரையுடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றுக்கு நோய் என்று முடிவுகட்டக் கூடாது. குஞ்சுகளோ சாம்பல் நிறம். முழு நிறம் வர இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும்.

ஒரே இனத்துக்குள் வெளுப்பு என்றால் தீனியைச் சந்தேகிக்கலாம். இந்த நிறத்தைப் பூநாரையின் உடம்பு தானாக உண்டாக்குவதில்லை. பாசியிலிருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளை நேரடியாகவோ, பாசி தின்ற ஆர்ட்டீமியா போன்ற சிற்றுயிர்கள் வழியாகவோ பெறுகிறது. அவை உடலுக்குள் மாற்றப்பட்டு, முளைக்கும் இறகிலும் கால் தோலிலும் படிகின்றன. தானியமும் மீன்தூளும் சேர்த்த குருணைத் தீனியில் அந்த நிறமி போதாது என்பதால் கான்தாசாந்தின் என்ற கரோட்டினாய்டைக் கலக்கிறார்கள். சாயம் என்றால் சாயம்தான். ஆனால் காட்டுப் பூநாரையின் இறகில் இருக்கும் முக்கிய நிறமியும் அதே பொருள்தான். முட்டைக்கோழித் தீனியில் மஞ்சள்கரு நிறத்துக்காகச் சேர்ப்பதும் இதுவே.

சரியான தீனி வாங்கியும் வெளுக்கிறதென்றால் பெரும்பாலும் சேமிப்பில் கோளாறு. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இந்த நிறமியைச் சிதைக்கும். மூட்டையைத் திறந்தபடி தகரக் கொட்டகையில் வைத்தால் குருணை இருக்கும், நிறமி இருக்காது. தவிர இது கொழுப்பில் கரைவது. தீனியில் எண்ணெய்ச் சத்து மிகக் குறைந்தால் குடலில் சரியாக ஏறாது.

நாள்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். வளர்ந்து முடிந்த இறகு நம் நகம் மாதிரி, உயிரில்லாதது. அடுத்த இறகுதிர்ப்பில் புதிதாக முளைப்பதில்தான் மாற்றம் தெரியும். மாதக்கணக்காகும்.

சேற்றுக்கூடு:
ஒரு திருத்தம். பெரும் பூநாரை வால் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து நிறமி கலந்த எண்ணெயை எடுத்து இறகில் பூசிக்கொள்ளும். ஜோடி சேரும் காலத்தில் பூச்சு அதிகம். நிறுத்தினால் வெயிலில் வெளுத்துவிடும். பூச்சால் வரும் இந்த நிறம் இறகுதிர்ப்புக்குக் காத்திருப்பதில்லை.

குஞ்சு வளர்க்கும் ஜோடியும் வெளுக்கும். ஆண், பெண் இரண்டுமே உணவுக்குழாயில் சுரக்கும் சிவந்த ‘பாலை’ ஊட்டுகின்றன. கொழுப்பும் புரதமும் மட்டுமில்லை, பெற்றோரின் நிறமியும் அதில் குஞ்சுக்குப் போய்விடும். இந்த வெளுப்புக்கு வைத்தியம் தேவையில்லை. சொல்லப்போனால் கூட்டம் சிறிதாக இருந்தால் பூநாரை பெரும்பாலும் கூடே கட்டாது. கூட்டம் பெரிதாகத் தோன்றட்டும் என்று கண்ணாடி வைத்துப் பார்த்த பூங்காக்களும் உண்டு.

நெய்தல்குமார்:
நன்றி. குருணையைத் தண்ணீரில் போட்டு வைப்பது எதற்கு? உலர்வாகக் கொட்டினால் தின்னாதா?

உப்பளத்தான்:
அலகின் அமைப்புதான் காரணம். பூநாரை தலையைக் கவிழ்த்துத் தின்னும். பருத்த நாக்கு பம்பு போல முன்னும் பின்னும் போய் நீரை இழுத்துத் தள்ள, அலகோரத் தகடுகளில் உணவு தங்கிவிடும். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வடிகட்டலே நடக்காது. உலர்வாகப் போட்டால் பாதி சிதறும். சிறு பூநாரை என்ற இனத்தின் தகடுகள் இன்னும் நெருக்கமானவை, அதற்குத் தூளாகவே தர வேண்டும். நம் வெயிலில் ஊறிய தீனி சீக்கிரம் புளித்துவிடும். மிச்சத்தில் புதியதைக் கொட்டக் கூடாது. தொட்டியைத் தினமும் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும்.

நிறத்தைவிட நான் முதலில் பார்ப்பது பாதத்தை. சொரசொரப்பான சிமெண்ட் தரையில் நிற்கும் பறவைகளுக்கு உள்ளங்கால் தடித்து, வெடித்து, புண்ணாகும். குளத்து ஓரத்தில் நுண்மணல் பரப்பினால் குறையும். ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும் கால்வலி என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் நிறுத்திக் காட்டினார்கள். தசையின் முயற்சியே இல்லாமல் மூட்டுகள் எடையைத் தாங்கின. இரண்டு காலில் அது நிற்கவில்லை. நொண்டுவது, அடிக்கடி உட்காருவது, கூட்டத்தோடு நடக்காமல் பின்தங்குவது, இவற்றைக் கண்டால்தான் கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.