'பார்' உடற்பயிற்சிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம், வெள்ளிக்குள் அச்சு)

காட்பாடியிலிருந்து, செவ்வாய் காலை

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பக்கம் புதிதாக ஒரு ஆடம்பர ஸ்பா வந்திருக்கிறது. அதில் பெண்களுக்குப் 'பார்' (barre என்ற பிரெஞ்சுச் சொல்) வகுப்பு நடத்துகிறார்கள். துண்டறிக்கையைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. வடிவமைப்பாளர் அனுப்பிய மாதிரியில் 'மகளிர் பார், காலை 6 மணி முதல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. டாஸ்மாக் கடையை ஒட்டி இருக்கும் பாரே இதைவிட அடக்கமாக விளம்பரம் செய்யும்.

வகுப்பு எப்படி என்று பார்க்க நானும் சேர்ந்தேன். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் குறுக்கே இடுப்பு உயரத்தில் வழவழப்பான மரக்கம்பி. பாலே நடனக்காரர்கள் பிடித்துப் பழகுவார்களே, அதேதான். அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த காலுறை. தொடைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பந்து. கம்பியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, முட்டியை மடக்கி, அப்படியே ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குலம் கீழே. வெளியிலிருந்து பார்த்தால் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் தொடை வெடவெடக்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் நின்ற அம்மா, "இன்னாமா இது, நின்ன எடத்துலயே காலு இப்டி ஒதறுது" என்றார். ஆசிரியையோ அந்த உதறல்தான் பலன் என்கிறார்.

அந்தக் கம்பிக்கும், பயிற்சிக்கும், அந்த ஓர் அங்குல அசைவுக்கும் சொல் வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து, செவ்வாய் மதியம்

அம்மா, இதற்கா அவசரம்? சொல் நம் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கிறது: கொழுகொம்பு. கொடி பற்றிப் படர நடுவது. பாரி தேரையே முல்லைக்குக் கொழுகொம்பாக விட்டுவிட்டுப் போனான். பெண்ணைக் கொடி என்று சொல்லும் மரபும் நமக்கு உண்டு. 'கொழுகொம்புப் பயிற்சி' என்று வையுங்கள், விளம்பரம் மணக்கும்.

வேலூரிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா, பிசியோதெரபி செய்பவள் நான். கொடி படர்வது அழகுதான், ஆனால் இங்கே யாரும் கம்பியில் சாய்ந்து படரக் கூடாது. எடையைக் கம்பி மேல் போட்டால் தொடைத்தசைக்கு வேலையே இருக்காது. விரல் நுனியால் சமநிலைக்குத் தொடுவதோடு சரி.

இந்த முறையின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். லோட்டே பெர்க் ஜெர்மனியில் பிறந்த நடனக்காரர், நாஜிகளுக்குத் தப்பி லண்டன் போனவர். முதுகில் அடிபட்ட பிறகு பாலே பயிற்சியையும் மருத்துவ உடற்பயிற்சியையும் சேர்த்து 1959-இல் அங்கே ஒரு கூடம் தொடங்கினார். அவரிடம் கற்ற லிடியா பாக் 1971-இல் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அடிபட்ட உடம்பிலிருந்து வந்த முறை இது. எளிய பெயர் போதும்: கம்பிப் பயிற்சி.

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் இரவு

வேலூரில் இருந்துகொண்டு 'கம்பி' என்கிறீர்களே! தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிற ஊர். 'அக்கா எங்க?' 'கம்பி எண்ணப் போயிருக்காங்க.' நன்றாகவா இருக்கும்? கட்டணம் கட்டாமல் கம்பி நீட்டுபவர்கள் வேறு. சரி, கம்பு என்று மாற்றினால் சிலம்பம் கற்க ஆள் வரும். கழி, தண்டு எதையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

என் பரிந்துரை 'பாரை'. கடப்பாரையில் இருக்கிறதே, அதே பாரை. நீண்ட தண்டு, ஒலியும் ஒத்துப்போகிறது. பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றிய சொல்லோ என்னவோ.

ராணிப்பேட்டையிலிருந்து, புதன் காலை

புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர் வந்தது 17-ஆம் நூற்றாண்டில். அந்தச் சொல் அவர்கள் மொழியில் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருக்கிறது. பிற்கால லத்தீனில் 'பர்ரா'. அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அங்கேயும் தெளிவில்லை.

வடசொல்லையே எழுத்தை மாற்றி ஏற்கலாம் என்றார் தொல்காப்பியர். பிரெஞ்சுச் சொல்லுக்கு மட்டும் ஏன் கதவடைப்பு? 'பாலே பார்' என்று விடுங்கள். பாலே பக்கத்தில் நின்றால் பாருக்குப் போதை தெளிந்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து, புதன் காலை

அங்கேயே தெளிவில்லை என்றால் பாரைக்கு இடமிருக்கிறது என்றுதானே பொருள்?

வாலாஜாவிலிருந்து, புதன் மாலை

நாற்பது வருடமாகப் பரதம் சொல்லித்தருகிறேன். முட்டி மடக்கும் அந்த நிலையை அரைமண்டி என்று யாராவது எழுதுவதற்குள் தடுத்துவிடுகிறேன். அரைமண்டியில் பாதம் முழுக்கத் தரையில் பதியும். இங்கே பாதி நேரம் குதிகாலைத் தூக்கச் சொல்கிறார்கள். என் மாணவிகள் போனால் குழம்பிவிடுவார்கள். 'குதியெடுத்த மடக்கு' என்று எழுதுங்கள், நீளமானாலும் பிழையில்லை. பரதத்தில் வரும் குதித்து மெட்டடவை இதோடு யாரும் முடிச்சுப் போடாதீர்கள், அதில் குதியைத் தட்ட வேண்டும்.

ஓர் அங்குல அசைவுக்குத் 'துடிப்பு' சரியாக இருக்கும்.

வேலூரிலிருந்து, புதன் இரவு

துடிப்பு வேண்டாம் அம்மா. 'இருபது துடிப்பு' என்று எழுதினால் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். தானாக நடுங்குவதுதான் துடிப்பு, இது நாமாகச் செய்வது. 'இம்மியசைவு' எப்படி? இம்மி எல்லோருக்கும் தெரியும்.

கம்பியை விட மனமில்லை. பேருந்தில் நடத்துநர் "கம்பியைப் புடிச்சி நில்லு" என்றால் எந்தப் படிக்கட்டில் நிற்பவருக்கும் சிறை ஞாபகம் வருவதில்லை. 'பிடிகம்பி' என்று போட்டுவிட்டால் எண்ணும் கம்பியிலிருந்து விலகிவிடும்.

ஆற்காட்டிலிருந்து, வியாழன் காலை

பிடிகம்பியா, பிடிக்கம்பியா? பிடிக்கிற கம்பி என்றால் வினைத்தொகை, ஊறுகாய் போல ஒற்று மிகாது. பிடி என்ற பெயர்ச்சொல்லாகக் கொண்டால் மிகும். இதைத் தீர்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது. கொழுகொம்பில் இந்தத் தொல்லையே இல்லை, எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து, வியாழன் காலை

இல்லை ஐயா, கொழுக்கொம்பு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காட்பாடியிலிருந்து, வியாழன் மாலை

எல்லோருக்கும் நன்றி. 'பிடிகம்பிப் பயிற்சி', 'இம்மியசைவு', 'குதியெடுத்த மடக்கு' மூன்றையும் அனுப்பிவிட்டேன். உரிமையாளருக்கு இம்மியசைவு ரொம்பப் பிடித்துவிட்டது. தலைப்பில் மட்டும் 'பாலே பார்' என்று பெரிதாகப் போட்டு, அடியில் பிடிகம்பியைச் சிறிதாக வைத்திருக்கிறார். பணம் கொடுப்பவர் அவர்.

ஆற்காட்டிலிருந்து, வியாழன் இரவு

என் மாறுபட்ட கருத்தைக் குழுமப் பதிவில் சேர்க்கவும். குதியெடுத்த மடக்கில் 'எடுத்த' தேவையில்லை, 'குதியெடுமடக்கு' என்றே சொல்லலாம். விளக்கத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.