மறுமொழி: பச்சோந்திக் குஞ்சுகளுக்கான ‘என்குளோசர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர், வணக்கம்.

> பச்சோந்திக் குஞ்சு வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘என்குளோசர்’ (வளர்ப்பு விலங்கை அடைத்து வைக்கும் இருப்பிடம்) வருமிடங்களில் ‘தொட்டி’ என்று எழுதிவிடலாமா? மீன் தொட்டி என்ற சொல்தான் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே.

வேண்டாம் என்பது என் கருத்து. தொட்டி என்றதும் நம் மனத்தில் எழுவது, அடியும் நான்கு பக்கமும் அடைபட்டு, உள்ளே ஏதோ ஒன்று தேங்கி நிற்கும் கலம். பச்சோந்திக் குஞ்சின் இருப்பிடத்திலோ காற்றும் தேங்கக் கூடாது, நீரும் தேங்கக் கூடாது. அதனால்தான் பெரும்பாலோர் வலைச் சுவரை நாடுகிறார்கள்; கண்ணாடிச் சுவர் வைப்போரும் கீழும் மேலும் காற்றுவழி விட்டே வைக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா-பி கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை. அக்கதிர் படாவிட்டால் குஞ்சின் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவில் உருவாகாது, கால்சியம் எலும்பில் சேராது, வளரும் வயதிலேயே கால்கள் வளைந்துவிடும். நம் சொல்லை நம்பி ஒருவர் பழைய மீன் தொட்டியைக் கழுவி எடுத்து, கண்ணாடி மூடியின் மேல் புற ஊதா விளக்கையும் வைத்துவிட்டால், அந்தப் பிழையில் மொழிபெயர்த்தவருக்கும் பங்கு உண்டு.

சென்ற மடலில் ஒருவர் முன்மொழிந்த ‘அடைப்பு’ மூலச் சொல்லுக்கு நெருக்கமானதுதான். ஆனால் மாரடைப்புக்கும் குழாய் அடைப்புக்கும் நடுவே அதைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘கூண்டு’ அப்படியன்று, வளர்ப்போர் வாயில் இயல்பாக வரும் சொல் அது. வளர்ந்த பச்சோந்திக்கு அதையே வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புலிக்கூண்டு, குற்றவாளிக் கூண்டு என்று வழங்குவதால் வெளியே விடாமல் தடுப்பது என்ற பொருளே அதில் முன்னிற்கிறது. குஞ்சைச் சிறிய இடத்தில் வைப்பதன் நோக்கம் வேறு. தலை முதல் வால் நுனி வரை ஆறேழு சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஓர் உயிரை ஆளுயரக் கூண்டில் விட்டால், நாம் உள்ளே விடும் பழ ஈக்கள் ஒரு மூலையில் திரிய, குஞ்சு வேறொரு கிளையில் பசியோடு உட்கார்ந்திருக்கும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இடத்தில், ஈ நுழைந்து வெளியேற முடியாத நெருக்கமான வலைக்குள், இரை அதன் கண்ணெதிரிலேயே நடமாடும். ஆகவே இடம் சிறியதாக இருப்பது இரை ஊட்டுவதற்கான ஏற்பாடு. கிளிக்கூடு, தேன்கூடு, பட்டுக்கூடு என உறைவிடப் பொருளைத் தரும் ‘கூடு’ இங்கே கூண்டைவிடப் பொருந்துகிறது.

> குஞ்சு என்பதா, குட்டி என்பதா?

இதில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஏமன் பச்சோந்தி முட்டையிடுகிறது. அதன் இளமையைக் குஞ்சு என்பதில் தடையில்லை. ஜாக்சன் பச்சோந்தியோ நேராகவே ஈனுகிறது. அதைக் குட்டி என்றே சொல்லத் தோன்றும். இரண்டையும் தழுவும் சொல் நம்மிடம் உண்டு. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களை வகுக்கும் தொல்காப்பிய மரபியல், தவழ்பவற்றுக்கும் அவையே உரியன என்கிறது. ஐங்குறுநூற்றில் தன் பார்ப்பையே தின்னும் முதலை வருகிறது. (பெரிய பச்சோந்தியும் குஞ்சை இரையாக எண்ணிவிடக் கூடும் என்பதால் தாயோடு சேர்த்து வைக்கலாகாது என்பதைக் கையேட்டில் மறவாமல் சொல்லுங்கள்.) ‘பிள்ளை’ இன்று கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை என முழு வளர்ச்சி பெற்றவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. எனவே ‘பார்ப்புக்கூடு’ என்று எழுதிப் பார்த்தேன். படித்துக் காட்டியபோது வீட்டிலிருந்தவர்கள், “பார்ப்பதற்கு வைத்த கூடா?” என்றார்கள். விளக்கவுரை இல்லாமல் நிற்காத சொல்லைக் கையேட்டில் வைக்க முடியாது; வருத்தத்தோடு விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு: வளர்கூடு. வினைத்தொகை ஆதலால் ‘வளர்க்கூடு’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டாம். முட்டையிலிருந்து வந்ததா, ஈன்றதா என்ற சிக்கலும் இதில் எழாது.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

விரிவான மடலுக்கு நன்றி. தொட்டியைக் கைவிடுகிறேன். ஓர் ஐயம் மட்டும் உள்ளது: வளர்பிறை என்றால் பிறை வளர்கிறது, அதுபோல வளர்கூடு என்றால் கூடு வளர்வதாகப் பொருள் படாதா?

---

வணக்கம்.

படலாம். ஆயினும் வாழிடம் என்றால் இடம் வாழ்வதாகவோ, உறைவிடம் என்றால் இடம் உறைவதாகவோ யாரும் கொள்வதில்லை. ‘வளரும் இடமாகிய கூடு’ என்று விரிப்பதற்கு அவை முன்மாதிரி. நீங்கள் அஞ்சும் பொருள் வந்தாலும் கேடில்லை; குஞ்சு வளர வளரக் கூடும் பெரிதாகத்தானே வேண்டும். ஒரே ஈட்டில் முப்பது நாற்பது குஞ்சுகள் பொரிந்தாலும், மூன்று மாதம் ஆவதற்குள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பெரிய கூட்டுக்கு மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று மிரட்டி, வலுவற்றவை இரையெடுப்பதையே நிறுத்திவிடும்.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ‘பாஸ்கிங்’ என்பதைக் ‘குளிர்காய்தல்’ என்று எழுதியிருந்தீர்கள். அது நெருப்பருகே அமர்வதை நினைவூட்டி, சூடு மிகுதியாக வேண்டும் என்று எண்ணச் செய்யும். குஞ்சுகளுக்கு 29 டிகிரி செல்சியஸ் அளவே போதும் என்பதால் ‘வெயில்காய்தல்’ என்று மாற்றிவிடுங்கள். ‘நீர்த்தூவல்’ அப்படியே இருக்கட்டும். இச்சொற்கள் வரும் பத்தியை இவ்வாறு அமைக்கலாம்:

“வளர்கூட்டின் தரையில் மண்ணோ மரத்தூளோ பரப்பாமல் வெறும் தாளை விரிக்கவும். குஞ்சின் பாதம் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு மெல்லிய குச்சிகளைக் குறுக்கும் சாய்வுமாகக் கட்டி, அவற்றுள் ஒன்றை வெயில்காய் கிளையாக விளக்கின் கீழ் அமைக்கவும். இலை அடர்ந்த செடி ஒன்றை நடுவில் வைத்தால் குஞ்சுகள் ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று மறையலாம். கிண்ணத்து நீரை அவை பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. இலையில் தொங்கும் துளியையே நக்கிக் குடிக்கும். ஆகவே நாள்தோறும் நீர்த்தூவல் செய்து, அடுத்த தூவலுக்கு முன் வளர்கூடு உலர்ந்துவிடுகிறதா என்று பார்க்கவும்.”