ஊராட்சிக் கணக்கில் ஆறு லட்சம் இருக்கிறது, சிறுபாலத்துக்குப் பணம் இல்லையாம்

வாய்க்கால்மேடு:
எங்கள் தெருவின் சிறுபாலம் உடைந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பால் வண்டி சுற்றிக்கொண்டுதான் வருகிறது. அக்டோபர் கிராம சபையில் கேட்டேன். "பொது நிதியில் பணம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, ஊராட்சிக் கணக்குகளைக் காட்டும் அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைத் திறந்தால் 15-வது நிதிக்குழு மானியத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் இருப்பு காட்டுகிறது. பொய் சொல்கிறார்களா, இல்லை எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லையா?

பழைய செயலர்:
தம்பி, நான் இருபத்தாறு வருடம் ஊராட்சிச் செயலராக இருந்தவன். அவர்கள் சொன்னதும் நீங்கள் பார்த்ததும் இரண்டுமே சரியாக இருக்கலாம். நீங்கள் பார்த்தது மத்திய மானியம். பொது நிதி வேறு. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் அதில்தான் சேரும். தெருவிளக்கு, மோட்டார், தொட்டி இயக்குபவர் சம்பளம் என்று போனால் என்ன மிஞ்சும்? எங்கள் ஊரில் பல்பு வாங்கவே யோசிப்போம்.

அந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும். அதை எடுத்துப் பாலம் கட்டினால் தணிக்கை ஆட்சேபணை செயலரை ஓய்வுக்குப் பிறகும் துரத்தும். (கைப்பம்பு ஒன்றுக்காக என் பென்ஷன் வரைக்கும் வந்தது.) மீதி 40 சதவீதத்தில் சம்பளம் தரக்கூடாது, பாலம் போடலாம். ஆனால் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில், அதாவது அந்த வருடத்து வேலைப் பட்டியலில், அந்த வேலை ஏறியிருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.

முன்னாள் வார்டு உறுப்பினர்:
அந்த ஆறு லட்சம் பழைய மிச்சமாகவும் இருக்கலாம். பெரும்பாலான மாவட்டங்களில் எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, எங்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்க அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத ஊராட்சிக்கு இந்த மானியம் கிடையாது என்பது நிதிக்குழு போட்ட நிபந்தனை.

நகரத்தில் சேர்ந்தவன்:
உங்களுக்காவது கிராம சபை இருக்கிறது. எங்கள் ஊராட்சியை நகரத்தோடு சேர்த்தார்கள், நூறு நாள் வேலை போயிற்று. 15-வது நிதிக்குழுவின் நகர்ப்புற மானியம் வேண்டுமென்றால் குறைந்தபட்சச் சொத்து வரியை அறிவிக்க வேண்டியிருந்ததாம். 2022-ல் தமிழக நகரங்களில் வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியபோது இந்தக் காரணத்தைத்தான் சொன்னார்கள். சாக்கடை மட்டும் ஊராட்சிக் காலத்துச் சாக்கடை.

வாய்க்கால்மேடு:
ஐயா, திட்டத்தைப் பார்த்தேன். பாலம் இல்லை. நானும் இதுவரை வாயால்தான் கேட்டிருக்கிறேன், எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் 'மேல்நிலைத் தொட்டி பராமரிப்பு' என்று மூன்று வேலை இருக்கிறது. எங்கள் ஊரில் தொட்டியே இரண்டுதான்.

பழைய செயலர்:
நவம்பர் 1 கிராம சபையில் பாலத்தை எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தொட்டி விஷயத்தை அங்கே எடுத்துக் கத்தாதீர்கள், ஒரே தொட்டிக்கு இரண்டு வேலை போடுவதும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் அளவுப் புத்தக நகல் கேளுங்கள், செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம் அது. மூன்றாவது தொட்டி எங்கே நிற்கிறது என்று அதில் எழுதியிருப்பார்கள்.