ஹெட்போன் குஷன் மாத்தின பிறகு ஏஎன்சி (எதிர்ச் சத்தம் விட்டு வெளி இரைச்சலை அடக்கிற வசதி) குறையுது: புதுக் குஷனுக்கேத்த மாதிரி அமைக்கலாமோ?

கோண்டாவில்_கேட்பான்:
சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 ஹெட்போன் பாவிக்கிறன். பழைய குஷன்ர தோல் உரிஞ்சு போச்சு. வேற கொம்பனி செய்த, கொஞ்சம் தடிப்பான குஷன் போட்டிருக்கு. பாட்டு நல்லாத்தான் கேக்குது, ஆனா பஸ் எஞ்சின் இரைச்சல் முந்தி மாதிரி அடங்கேல்லை. பஸ் குழியில விழேக்க இடப்பக்கம் ‘டொப்’ எண்டு சத்தம் வருது. சிலவேளை பாட்டும் தானா நிக்குது. வேர்வைக்குத் துணி உறை போடுற யோசனையும் இருக்கு. புதுக் குஷனுக்கேத்த மாதிரி ஏஎன்சியை மாத்தி அமைக்க வழி இருக்கோ?

சுன்னாகம்_ஒலி:
ஓரளவுக்கு ஏலும். அதுக்கு முதல் குஷன் ஓரத்தால காத்து ஒழுகுதோ எண்டு பாருங்கோ.

ஏஎன்சி அடக்கிறது பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ள இரைச்சலைத்தான். மேல உள்ளதைத் தடுக்கிறது குஷன்ர வேலை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுத்து ஓடினா வாற குமுறல் 75 ஹேர்ட்ஸ். அந்தளவு கீழ்ச் சத்தத்தில சின்ன இடைவெளி இருந்தாலே ஸ்பீக்கர் தள்ளுற அமுக்கம் வெளியால போயிடும். அதைச் சரிக்கட்ட ஏஎன்சி ஸ்பீக்கரை இன்னும் பலமா ஓட்டும். பஸ் குலுங்கேக்க ஸ்பீக்கர் தன்ர எல்லையைத் தாண்டினா ‘டொப்’ கேக்கும்.

பாட்டில்லாம ஏஎன்சியை மட்டும் போட்டு, ஓடுற ஜெனரேற்றருக்குக் கிட்ட நிண்டு, ரெண்டு கப்பையும் உள்ளங்கையால மெல்ல அமத்துங்கோ. குமுறல் குறைஞ்சா ஒழுக்கு இருக்கு. ஜெனரேற்றர் இல்லாட்டி பெரிய ஃபானும் காணும்.

இந்த மொடலில குஷன் ஒரு பிளாஸ்டிக் வளையத்தோட கிளிப்பில மாட்டுப்படும். சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையைக் குஷனுக்கும் கப்புக்கும் நடுவில விட்டு, ஓரம் ஓரமாக் கிளப்புங்கோ. ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா வளையம் வெடிக்கும். திரும்ப மாட்டேக்க சுத்திவர அமத்தி, ஒவ்வொரு கிளிப்பும் ‘டிக்’ எண்டு விழுதோ எண்டு கேளுங்கோ. ஒண்டு விழாட்டியும் அந்த இடத்தால ஒழுகும்.

பாட்டு நிக்கிறதுக்குக் காரணம் வேற. ஹெட்போன் காதில இருக்கோ எண்டு பாக்கிற சென்சர் இடக் கப்புக்குள்ள இருக்கு. தடிச்ச குஷனில காது தள்ளி நிக்கும், உள்துணி மொத்தமெண்டா சென்சரை மறைக்கவும் செய்யும். துணியை வெட்டிப் போடாதேங்கோ. கழட்டினா பாட்டு நிக்கிற அமைப்பைச் சோனியின்ர ஃபோன் செயலியில நிப்பாட்டலாம்.

கடைசியாத்தான் செயலியில இருக்கிற நொய்ஸ் கான்சலிங் ஒப்டிமைசர். கண்ணாடி போடுறனீங்கள் எண்டா போட்டபடியே ஓட விடுங்கோ, சோதனைச் சத்தம் முடியும் வரைக்கும் ஆடாம இருங்கோ. தலையில பொருந்தின விதத்தையும் காத்தமுக்கத்தையும் அது அளக்கும். எங்கட ஊர் கடல்மட்டம்தான். 1868 மீற்றர் உயர நுவரெலியாவுக்குப் போனா அங்க ஒருக்காத் திரும்ப ஓட்டுங்கோ.

வல்வை_அலைவரிசை:
சுன்னாகம் அண்ணை சொன்னதோட கொஞ்சம் சேர்க்கிறேன். ஒப்டிமைசருக்கு ஓர் எல்லை இருக்கிறது.

வெளி மைக் இரைச்சலைப் பிடிக்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் உள் மைக் மிச்சத்தைக் கேட்டுத் திருத்தும். ஸ்பீக்கரில் இருந்து காது வரைக்கும் உள்ள காற்றிடம், பஞ்சு, துணி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் உள்ளே இருக்கும் வடிகட்டி (எதிர்ச் சத்தத்தைக் கணிக்கும் பகுதி) அமைக்கப்படுகிறது. இரைச்சல் 20 டெசிபல் குறைய எதிர்ச் சத்தத்தின் அளவு சுமார் 10 சதவீதப் பிழைக்குள் இருக்க வேண்டும், கட்டம் (அலை ஏறி இறங்கும் நேரப் பொருத்தம்) ஏறத்தாழ 6 பாகைக்குள் பொருந்த வேண்டும். கட்டம் 60 பாகைக்கு மேல் விலகினால் இரைச்சல் கூடும். அதனால்தான் ஒரு குஷனோடு நன்றாக இருக்கும் ஏஎன்சி இன்னொன்றோடு கீச்சிடுகிறது.

போட்டிருக்கும் பொருளைத் தானே அறியும் ஹெட்போனை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, குஷனிலோ உறையிலோ காந்தமோ என்எஃப்சி சில்லோ (கிட்ட வந்ததும் கம்பியில்லாமல் தகவல் தரும் சின்ன மின்னணுத் துண்டு) வைத்து, ‘இது இன்ன வகை’ என்று ஹெட்போனுக்குச் சொல்லி, அதற்குரிய வடிகட்டியை எடுக்க வைப்பது. மற்றது, ஒரு சோதனைச் சத்தத்தை விட்டு உள் மைக்கால் அளப்பது. போஸ் நிறுவனம் 2022இல் தன் இயர்பட்டில் கொண்டுவந்த கஸ்டம்டியூன் என்ற வசதி இரண்டாவது வகை. இயர்பட்டைக் காதில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது அளக்கும். எனக்கு இதுதான் நம்பகமாகப் படுகிறது. சில்லு உள்ள குஷன் இரண்டு வருட வேர்வையில் சப்பையாகிப் போன பிறகும் தன்னைப் புதுக் குஷன் என்றே சொல்லும். மைக் அப்படி ஏமாறாது.

இயர்பட்டிலும் இதே கதைதான். ஆப்பிளின் முதல் தலைமுறை எயார்பொட்ஸ் புரோ இயர்பட்டின் ரிப்பில் (காதுக்குள் போகும் சிலிக்கன் முனையில்) உள்ள வலை இரண்டாம் தலைமுறை வலையை விட நெருக்கமானது. அந்தந்தத் தலைமுறைக்குரிய ரிப்பையே போடச் சொல்கிறது ஆப்பிள்.

கோண்டாவில்_கேட்பான்:
நன்றி அண்ணை. வலப்பக்கக் கீழ்க் கிளிப் ஒண்டு விழாமத்தான் இருந்தது, அமத்த இரைச்சல் நல்லாக் குறைஞ்சிட்டுது. ‘டொப்’ மட்டும் இடப்பக்கம் இன்னும் இருக்கு. துணி உறை போடலாமோ?

சுன்னாகம்_ஒலி:
ஏஎன்சி வேணுமெண்டா போடாதேங்கோ. துணிக்குள்ளால காத்து ஊடுருவும், திரும்பவும் அதே ஒழுக்குத்தான். கப்பை மூடுற சிலிக்கன் உறை எண்டா வெளி மைக் ஓட்டைகளுக்கு நேரா வெட்டியிருக்கோ எண்டு பாருங்கோ. மூடினா ஏஎன்சி பாதி செத்த மாதிரி.

வேர்வைக்கு, கழட்டின உடன காஞ்ச பருத்தித் துணியால ஒத்தியெடுத்து, காத்துப் படுற இடத்தில வையுங்கோ. ஸ்பிரிட், ஓடிக்கொலோன் ரெண்டும் வேண்டாம். செயற்கைத் தோல் வெப்பத்திலயும் ஈரத்திலயும் தானாவே உரியும், உதுகள் அதை இன்னும் கெதியாக்கும்.

இடப்பக்கத்துக்கு, பழைய குஷனை எறியாம வைச்சிருந்தா ரெண்டையும் பக்கத்தில வைச்சுத் தடிப்பை அளந்து பாருங்கோ. புதுசு ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் கூடவெண்டா ஒப்டிமைசரோட மினக்கெடாம, பழைய அளவிலயே ஒரு சோடி தேடுறது நல்லம்.